அரை விரற்கடை தூரம்

அவர் கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். நுனியில் பித்தளைப் பூண். அதைக்கொண்டு மனுஷர்களைத் தொட அவர் யோசித்ததே கிடையாது. தோளில் தட்டுவார், முழங்காலில் இடிப்பார், வரிசை கோணினால் முதுகில் வைத்து அழுத்தி நேராக்குவார். ஆனால் மெழுகுப் பொம்மையைச் சுட்டிக் காட்டும்போது அதே பிரம்பு அரை விரற்கடை தள்ளி அந்தரத்தில் நின்றுவிடும். அவரிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு தடவைகூட அந்தப் பூண் மெழுகில் பட்டதில்லை. அந்த ஆறில் கடைசி இரண்டு வருஷம் எதற்கு இருந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறது.

ராயபுரத்தில், துறைமுக மதிலுக்கு எதிரே, ஒரு பழைய பருத்திக் கிடங்கில் அந்தக் காட்சிசாலை இருந்தது. வாசல் பலகையில் ‘உலக மகா படைத்தலைவர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் ஜனங்களுக்கு அது பொம்மக் கொட்டாய், அவ்வளவுதான். சௌகார்பேட்டை சேட் ஒருவர் எங்கேயோ ஏலத்தில் எடுத்த பதினோரு தளபதிகள் உள்ளே நின்றார்கள். மார்பில் மெடல், இடுப்பில் வாள், கண்ணாடிக் கண். சேட் மாதத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் கொட்டாய்க்கு ராஜா இவர்தான். மேனேஜர், கதை சொல்பவர், ரிப்பேர் பார்ப்பவர், எல்லாம் ஒரே ஆள். எதிரில் எல்லோரும் ‘சார்’ என்பார்கள். அந்தப் பக்கம் போனால் ‘மெழுகு தொர’. நான் டிக்கெட் கிழிப்பவள். புடவைக்கு மேலே காக்கிக் கோட்டும், தலையில் தொப்பியும் போட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்பது அவர் சட்டம். முதல் மாசம் தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் பழகிப்போயிற்று.

வாசலில் முதலில் நிற்பவர் சட்டைக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டிருக்கும் பிரெஞ்சு சக்கரவர்த்தி. ராயபுரத்தில் அவருக்கு வயித்துவலிக்காரர் என்று பேர். டிக்கெட் எடுத்தவன் எவனாயிருந்தாலும் வயித்துவலிக்காரருக்கு விறைப்பாக ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்த ஆள், கைக்குழந்தைக்காரி, பள்ளிக்கூட வாத்தியார், யாருக்கும் விலக்கு கிடையாது. சரியாக வைக்காவிட்டால் பிரம்பு முழங்கைக்கு அடியில் வந்து தூக்கிவிடும்.

ஒரு நாள் ஒரு வின்ச் ஆபரேட்டர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் கம்பி சுற்றி வலது கை முழங்கையோடு போயிருந்தது.

“இன்னா, சலாம் எங்க?” என்றார் இவர்.

“கை இல்லியே நைனா.”

“அந்தக் கை இல்லேன்னா இந்தக் கை.”

அந்த மனுஷர் மகளுக்கு எதிரில் இடது கையைத் தூக்கி வைத்தார். மூன்று பொம்மை தாண்டினால் ஒற்றைக் கை வெள்ளைக்காரக் கப்பல் தளபதி. அங்கே இவர் குரலைத் தழைத்து, கண் கலங்க, கடல் போரில் அந்தக் கை போன கதையைச் சொன்னார். வின்ச்காரர் கொஞ்சம் தைரியம் வந்து, “எனக்கும் அப்பிடித்தான் சார் போச்சு” என்றார். இவர் பிரம்பால் அவருடைய காலிச் சட்டைக்கையை ஒரு தட்டு தட்டினார்.

“அவருக்குப் போனது சண்டையில. ஒனக்குப் போனது அஜாக்கிரதையில. நவுரு.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்து இப்போது எனக்கு என்ன ஆகப்போகிறது.

கதை சொல்லும்போது மட்டும் அவர் வேறு ஆள். எங்களோடு பேசுகிற பாஷையைக் கழற்றி வைத்துவிட்டு மேடைத் தமிழில் ஏறிக்கொள்வார். “எதிரிகளின் குருதியில் குளித்த இந்த மாவீரன்...” என்று ஆரம்பித்தால் நண்டு சிண்டெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கதையில் பாதி அவரே கட்டினது. ஒரே தளபதி காலையில் விஷத்தில் சாவார், சாயங்காலம் பீரங்கியில் சாவார். நான் ஒரு தடவை கேட்டதற்கு, “ஜெயிச்சவன் எப்பிடிச் செத்தா ஒனக்கின்னா? தோத்தவன் கதய ஆராச்சும் கேக்கறானா பாரு” என்றார். தோற்றவர்கள் என்றால் அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு. நோயாளி, கடன்காரன், வயசானவன், பரீட்சையில் பெயிலானவன் எல்லோரும் அவர் கணக்கில் தோற்றவர்கள்தான்.

வீட்டில் யாரும் இல்லை என்று சொல்வார்கள். பெண்டாட்டி ஓடிப்போனாள் என்பார்கள், செத்துப்போனாள் என்பார்கள். எனக்குத் தெரிந்தது அவர் பொம்மைகளுக்குச் செய்த பணிவிடை ஒன்றுதான். உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளிக் கரண்டி வைத்திருந்தார். அதை மெழுகுவத்தியில் காட்டி, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, தளபதியின் உதட்டோரத்து விரிசலை நீவுவார். கன்னத்தில் எந்நேரமும் ஒரு சிவந்த தழும்பு இருக்கும். மராட்டியக் குதிரைக்காரருக்குப் புருவமுடி உதிர்ந்தபோது, கண்ணாடி எதிரில் உட்கார்ந்து தன் புருவத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சூட்டு ஊசியால் அங்கே நட்டார். முகம் சுளிக்கவே இல்லை. ஒரு மாசம் ஒற்றைப் புருவத்தோடு திரிந்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பாசமாகவே இருந்தது. தன்னையே இரக்கமில்லாமல் நடத்துகிறவன் மற்றவனை வேறு எப்படி நடத்துவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாசர்பாடியிலிருந்து பெருக்க வருகிற கிழவர் ஒரு கத்திரி வெயிலில் மயங்கி விழுந்தார். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையைத் தூக்கி மடியில் வைத்து, பனையோலை விசிறியால் வீசினேன். இவர் வந்து விசிறியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் மராட்டியர் காதோரம் வீசினார். காது லேசாகத் தொய்ந்திருந்தது.

“சார், பெரியவரு மூச்சு வாங்கறாரு.”

“அவன் எழுந்துக்குவான். காது எழுந்துக்காது.”

அவர் சொன்னபடியே கிழவர் எழுந்துகொண்டார். அடுத்த நாள் வேலைக்கும் வந்தார். அதுதான் இவருக்கு எப்போதும் கைகொடுத்தது. மனுஷர்கள் எழுந்துகொண்டே இருந்தார்கள்.

சித்திரை, வைகாசி வந்தால் கொட்டாய்க்கு ஜுரம் வந்துவிடும். தகரக் கூரை காயும். தளபதிகள் நெற்றியில் பொடிப்பொடியாக வேர்க்கும். ஜன்னலெல்லாம் சாத்தி, சாக்குத் தொங்கவிட்டு, ஒவ்வொரு மேடைக்குப் பின்னாலும் தகரத் தொட்டியில் ஐஸ் பார் வைப்பார். ராயபுரத்தில் ஐஸ் என்றால் மீன் ஐஸ்தான். காசிமேட்டிலிருந்து மரத்தூளும் சாக்கும் சுற்றி மீன்பாடி வண்டியில் வரும். அந்தச் சில்லிப்புக்காகவே வெயில் நாளில் கூட்டம் அம்மும். உள்ளே உலக மகா வீரர்கள் எல்லோரும் வஞ்சிர வாடை அடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ஐஸைக் கொண்டுவந்து இறக்கியது என் அம்மா. காசிமேட்டில் மீன் விற்பவள். கூடை காலியானதும் ஐஸ் கம்பெனியில் ஆறு பார் வாங்கி, வண்டியோடு கூடவே நடந்து வருவாள். பின்வாசலில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பவேண்டும். கவுச்சி உள்ளே வரக்கூடாது என்று இவர் கண்டிப்பு.

அம்மா வாய் சும்மா இருக்குமா. “ஏன் சார், மீன் ஐஸு உள்ள போவுது. மீன்காரி போவக் கூடாதா?” என்று கேட்டாள்.

“ஐஸு கொஞ்ச நேரத்துல இல்லாம பூடும். நீ இல்லாம பூடுவியா?”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் ராத்திரி கஞ்சி குடிக்கும்போது, “ஒரு வாட்டி அந்த வயித்துவலிக்காரன எனக்குக் காட்டுடி. நான் தூக்கியாந்த ஐஸுல குந்திக்கினு அவன் அப்பிடி இன்னாதான் பண்றான்னு பாக்கணும்” என்பாள். இவர் சாப்பிடப் போகிற நேரத்தில் பின்வாசலைத் திறந்து விட்டிருக்கலாம். பயந்துகொண்டு நான் செய்யவில்லை.

அம்மாவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. என் அண்ணன் சேவியர் நாலு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போகமாட்டேன் என்று சொல்ல, அம்மா அவனைப் படகுக்காரர்கள் மத்தியில் கன்னத்தில் அறைந்துவிட்டாள். அன்று ரயில் ஏறினவன்தான். விசாகப்பட்டினத்தில் வெல்டர் வேலை. கடிதம் எனக்கு மட்டும் போடுவான். அதில் அம்மாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. நானாக ஒரு வரி சேர்த்துப் படித்துக் காட்டுவேன். அவளுக்கும் அது தெரியும். “அவன் பேசலேன்னா போறான். வந்து ஒரு தபா என் மூஞ்சப் பாத்துட்டுப் போனாப் போதும்” என்பாள்.

அந்த வைகாசியில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. ஐஸ் கம்பெனிகள் மோட்டாரை நிறுத்திவிட்டன. அம்மா எங்கெங்கேயோ கெஞ்சிக் கூத்தாடி, காசிமேட்டிலேயே மிச்சமிருந்த ஆறு பாரை வாங்கிவந்து பின்வாசலில் இறக்கினாள். வீட்டுக்குப் போய், மாரு வலிக்கிறது என்று பக்கத்து வீட்டு ரீட்டா அக்காவிடம் சொன்னாளாம். அக்கா தண்ணீர் மொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் கோட்டும் தொப்பியுமாக ஓடினேன்.

அண்ணனுக்குத் தந்தி போயிற்று. ராத்திரி ரயிலைப் பிடித்தால் காலையில் வந்துவிடுவான். ஆனால் அந்த வெயிலில் அதுவரை அம்மா தாங்கவேண்டுமே. “பொழுது சாயறதுக்குள்ள அடக்கம் பண்ணிடலாம்டி. நாளைக்கு மொகம் மொகமா இருக்காது” என்றாள் ரீட்டா அக்கா. நான் மாட்டேன் என்றேன். நாலு வருஷம் அவள் கேட்டது அந்த ஒன்றுதான். ஐஸுக்கு ஆள் அனுப்பினோம். காசிமேட்டில் இல்லை, ராயபுரத்தில் இல்லை, திருவொற்றியூர் வரைக்கும் இல்லை. இருந்த ஆறு பாரும் கொட்டாய்க்குள்தான் இருந்தது.

போனேன். அரிக்கேன் வெளிச்சத்தில் இவர் வயித்துவலிக்காரரின் நெற்றியை மல் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“சார், அம்மா பூட்டாங்க. ரெண்டு பார் குடுங்க. காலைல அண்ணன் வந்துடும். மூஞ்ச மட்டும் பாக்கணும்.”

“ஐஸு வெளிய போவாது.”

“எங்கம்மா எறக்குன ஐஸ் சார் அது.”

“எறக்கிட்டா இல்ல? இனிமே அது இவங்களது.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் துணியை நாலாக மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

“வெளிய போவாதுன்னேன். ஆளு வேணா உள்ள வரட்டும்.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த நிமிஷம் அவர் எனக்குச் சாமியாகத்தான் தெரிந்தார். கும்பிட்ட கையைப் பிரம்பால் கீழே தள்ளிவிட்டு மிச்சத்தைச் சொன்னார்.

“நாளைக்கு லீவு கூட்டம். காட்சி நிக்காது. அவுங்க அவுங்க வருவாங்க, பாப்பாங்க. எவனாச்சும் கேட்டா பொம்மன்னு சொல்லு. பொணம்னு ஒரு வார்த்த வெளிய வந்துது, அப்பவே வண்டில ஏத்தி அனுப்பிடுவேன்.”

சரி என்றேன். என்ன சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

அம்மாவை அவள் ஐஸ் கொண்டுவந்த அதே வண்டியில் வைத்து, அதே பின்வாசல் வழியாகக் கொண்டுபோனோம். மைசூர்க் குதிரைத் தளபதியின் மேடையில், குதிரைக் காலடியில் செத்த சிப்பாய்கள் என்று வைக்கோல் அடைத்த நாலைந்து உருவங்கள் கிடக்கும். அவற்றுக்கு நடுவில், இரண்டு பார் ஐஸைச் சாக்கால் மூடி, அம்மாவைக் கிடத்தினோம். கழுத்துவரைக்கும் சிப்பாய்க் கம்பளி. இவரே குனிந்து அவள் முகத்தைத் துடைத்தார், நெற்றி மயிரை ஒதுக்கினார், முகவாயைத் தூக்கிக் கட்டின துணி தெரியாமல் கம்பளியை இழுத்துவிட்டார். உயிரோடு இருந்தவரை பின்வாசலைத் தாண்ட விடாதவர், அவ்வளவு பதவிசாகச் செய்தார். மிச்சமிருந்த ஐஸில் பாதியை அந்த மேடைக்கே தள்ளியும் வைத்தார்.

காலையில் கதவு திறந்தது. அன்றைக்கு டிக்கெட் கிழிக்க அவரே நின்றார். என்னை அம்மா அருகே கயிற்றோரம் நிறுத்தினார். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே இரண்டே இரண்டு அரிக்கேன். வருகிறவர்களுக்குக் கண் தெரியவே நேரம் பிடித்தது. முதல் கூட்டம் மைசூர் மேடைக்கு வந்ததும் ஒரு பெண்பிள்ளை, “சண்டையில பொம்பள எதுக்குப் படுத்துக்கினு கீது?” என்று கேட்டாள். கூட்டத்தின் பின்னாலேயே வந்து நின்ற இவருக்கு ஒரு நொடிகூடத் தடுமாற்றம் இல்லை.

“போர்க்களத்தில் தாகத்தால் தவித்த தளபதிக்குத் தண்ணீர் தந்த கிழவி இவள். எதிரியின் குண்டு பாய்ந்து, இதோ இந்தக் குதிரையின் காலடியிலேயே வீழ்ந்தாள்!”

“அடப் பாவமே” என்று இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். கதை அன்று காலை முழுக்க எடுபட்டது. பாதிப் பேர் கிழவியைப் பார்க்கத்தான் முண்டியடித்தார்கள். ஒரு லாரிக்காரர் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, “மத்ததெல்லாம் ஷோக்கா கீது. இந்தக் கெழவிய மட்டும் சரியா செய்யல. மூக்கப் பாரேன், சப்பையா. மனுஷ மூக்கு இப்பிடியா இருக்கும்?” என்று கூட வந்தவனிடம் சொன்னார். எனக்கும் அதே மூக்குதான்.

“பொம்மையா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் “பொம்மதான்” என்றேன். முதல் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் சுலபம். பத்துத் தடவை சொன்ன பிறகு அது பொய்யாகவே தெரியவில்லை. அம்மா உள்ளே வந்து நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான்தான் வேலையில் இருக்கிறேன் என்பதுபோல ஒரு நினைப்பு.

வாசலில் நடந்ததை ரீட்டா அக்கா பிறகு சொன்னாள். அண்ணன் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போய், அம்மா கொட்டாயில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பையைக்கூட இறக்காமல் ஓடி வந்திருக்கிறான். அக்காவும் பின்னாலேயே வந்திருக்கிறாள். இவர் பிரம்பைக் குறுக்கே நீட்டினாராம்.

“எங்கம்மா உள்ள கீது சார்.”

“உள்ள ஆரோட அம்மாவும் இல்ல. பொம்மதான் கீது. டிக்கெட் எடு. சலாம் வை. போயி பாரு.”

அம்மா அறைந்ததற்காக ஊரையே விட்டுப் போனவன் என் அண்ணன். யாருக்கும் வளையாதவன். அழுதுகொண்டே வயித்துவலிக்காரருக்குச் சலாம் வைத்தானாம். முழங்கை சரியில்லை என்று பிரம்பு ஒரு தடவை தூக்கியும் விட்டதாம்.

அவன் வந்ததை நான் பார்க்கவில்லை. இருபது முப்பது பேர் கும்பலாக நகர்ந்து வந்தார்கள். என் கோட்டைப் பிடித்து இழுத்து ஒரு வாண்டு, “அக்கா, இந்தப் பாட்டி நெசம்மா, பொம்மையா?” என்று கேட்டது.

“பொம்மதான். தொடாத, அப்பிடியே போ” என்றேன். நல்ல சத்தமாகத்தான் சொன்னேன்.

கும்பல் போயிற்று. தாடி வைத்த ஓர் ஆள், பையும் கையுமாக, மைசூர் மேடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். கடைசிப் பொம்மைவரைக்கும் போனான். அதற்கு அப்பால் சுவர்தான். அங்கேயே கொஞ்சம் நின்றான். பிறகு கூட்டத்துக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து, தொப்பிக்குக் கீழே என் முகத்தைக் குனிந்து பார்த்தான்.

“ஸ்டெல்லா! நீயா? அம்மா எங்கடி?”

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ரீட்டா அக்கா வாசலில் போட்ட சத்தத்தில் இவர் வேகமாக உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கதை எதுவும் சொல்லவில்லை. பிரம்பை நீட்டினார். அந்தப் பூண் என் அம்மாவின் கன்னத்துக்கு நேரே போய், அரை விரற்கடை தள்ளி, தொடாமல் அந்தரத்தில் நின்றது.

“இதாம்பா. சீக்கிரம் தூக்கிக்கினு போங்க. ஐஸ் தண்ணி குதிர காலுக்கு வந்துக்கினு கீது.”

அண்ணன் மேடையில் ஏறி அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடித்த முகத்தை விடாமல், என்னைத்தான் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“பொம்மன்னு நீதானடி சொன்ன?”